குணம் என்ற சொல்: சேத்துப்பட்டிலிருந்து காவாந்தண்டலம் வரை

எங்க பெரியம்மாவின் தகரப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் பட்டா நகலுக்கும் நடுவில், பழுப்பேறிய அட்டை ஒன்று இருக்கிறது. 1987ஆம் வருஷத்து டி.பி. சிகிச்சை அட்டை. முதல் இரண்டு மாசம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே ஐசோனியாசிடும் தயாசிட்டசோனும் சேர்ந்த மாத்திரை, அப்புறம் வருஷம் முடியும்வரை மாத்திரை மட்டும். கட்டம் போட்டு டிக் அடித்திருக்கிறார்கள். கடைசிக் கட்டத்துக்குக் கீழே 'ட்ரீட்மெண்ட் கம்ப்ளீட்டட்' என்று இங்கிலீஷில் ஒரு வரி. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டும். "இதோ பாரு கண்ணு, குணமாயிடுச்சின்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

அதன் பிறகு முப்பத்தைந்து வருஷமாக, விடியற்காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் பெரியம்மா இருமும். கால் டம்ளர் கோழை வரும், பச்சையும் மஞ்சளுமாக. மார்கழிப் பனி ஆரம்பித்தால் காய்ச்சல், மூச்சிரைப்பு, சில சமயம் கோழையில் ரத்தக் கோடு. ரத்தத்தைப் பார்த்துப் பயந்து ஓடினால் எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரியும். தழும்பை வைத்தே இரண்டு தடவை மறுபடியும் டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள்; கோழையில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்ததும் நிறுத்தினார்கள். "உனக்கு டி.பி. இல்ல, ஒண்ணும் இல்ல, போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பது இங்கு முக்கியமில்லை. டி.பி. இல்லை என்பதும் ஒன்றும் இல்லை என்பதும் ஒரே வாக்கியமாக எப்படி ஆயின என்பதுதான் என் கேள்வி. இந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் பெரும்பகுதி எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்திலேயே நடந்திருக்கிறது.

காவாந்தண்டலம் எங்க ஊர். உத்திரமேரூர்ப் பக்கம், செய்யாற்றை ஒட்டிய நெல் வயல் பூமி. 1997இல் பிரிக்கப்படும்வரை பழைய செங்கல்பட்டு மாவட்டம், இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். பழைய மாவட்டப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

*

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். (2011இலிருந்து அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) எலும்புருக்கி நோய்க்கு அதுவரை தெரிந்த வைத்தியம் சானடோரியம்தான். படுக்கை, ஓய்வு, பால், முட்டை, நல்ல காற்று. தாம்பரம் சானடோரியம் 1928இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தது, 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் மின்சார ரயிலில் ஒரு ஸ்டேஷன் பெயராகவே அது நிற்கிறது. ஆனால் படுக்கைகள் ஆயிரக்கணக்கில், நோயாளிகள் லட்சக்கணக்கில். படுக்கை கிடைக்காதவன் வீட்டிலேயே கிடந்து சாக வேண்டும் என்பதுதான் நடைமுறை.

இதற்குள் மண்ணிலிருந்து மருந்து வந்துவிட்டது. 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். ஒற்றை மருந்துக்குக் கிருமி சீக்கிரமே பழகிக்கொள்கிறது என்பதும் சில வருஷங்களில் தெரிந்துபோனது. பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியாசிட் என்று வந்ததும், இரண்டு மருந்தைச் சேர்த்து, மாசக் கணக்கில், வருஷக் கணக்கில் கொடுப்பது என்ற முறை உருவானது. ஆண்டிபயாட்டிக் என்றால் ஐந்து நாள் கோர்ஸ் என்று இப்போது நினைக்கிறோம். நீண்டகால ஆண்டிபயாட்டிக் என்பது நவீன மருத்துவத்தில் மார்புநோயோடு பிறந்த விஷயம்.

சேத்துப்பட்டு மையம் கேட்ட கேள்வி எளிமையானது. இதே மாத்திரையை ஏழை தன் குடிசையில் இருந்துகொண்டே சாப்பிட்டால் என்ன? சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் தாம்பரம் போனார்கள். பாதிப் பேர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து: ஒரு வருஷம் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். 1959இல் முடிவு வெளியானது. வருஷக் கடைசியில் கோழையில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகவும் மோசமாகவும் சாப்பிட்டார்கள், ஓய்வெடுக்க முடியாமல் வேலைக்குப் போனார்கள், எடையும் அவ்வளவாகக் கூடவில்லை. அப்படியும் கிருமி அடங்கியது. கூட வசித்தவர்களுக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை என்று பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டின.

இதன் அரசியலை நாம் சரியாக மதிப்பிட வேண்டும். சானடோரியம் என்ற வர்க்கச் சலுகையை உடைத்த ஆய்வு இது. படுக்கைக்காகக் காத்திருந்து செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கு வந்தது. 1962இன் தேசியக் காசநோய்த் திட்டம் இதன்மேல் எழுந்தது. எங்க பெரியம்மா ஊரைவிட்டுப் போகாமல், நாற்று நடவுக்குப் போய்க்கொண்டே மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தது என்றால், அது சேத்துப்பட்டின் கொடை. இதை மறுத்துவிட்டுப் பேசுகிற விமர்சனம் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அதே ஆய்வு இன்னொரு வேலையும் செய்தது. சோறு, ஓய்வு, காற்று, வீடு ஆகிய நான்கும் கணக்கிலிருந்து வெளியே போயின. 'இவை இல்லாமலும் கிருமி அடங்கும்' என்பது அறிவியல் முடிவு. 'இவை தேவையில்லை' என்பது அரசுக்கு வசதியான மொழிபெயர்ப்பு. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதுக்குப் போக யாரும் சதி செய்ய வேண்டியிருக்கவில்லை. பட்ஜெட்டே போதும்.

நோயாளியின் வாக்குமூலம், எடை, மூச்சு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள், உண்மை. ஆனால் தீர்ப்பு சொல்லும் சாட்சி கோழைதான் என்று ஆனது. மைக்ராஸ்கோப்புக் கண்ணாடியில் சிவப்புக் குச்சிகள் தெரிகின்றனவா இல்லையா? தெரிந்தால் நோயாளி, தெரியாவிட்டால் குணமானவர். மருத்துவமனைப் பார்வையின் தோற்றம் பற்றி 1963இல் எழுதிய ஃபூக்கோ, நோய் உடம்புக்குள் ஓர் இடம் பிடித்து உட்காருவதைப் பற்றிப் பேசினார். இங்கே நடந்தது அதற்கும் ஒருபடி மேலே. நோய் உடம்பைவிட்டு வெளியேறிக் கண்ணாடிச் சில்லில் போய் உட்கார்ந்தது.

இதோடு கண்காணிப்பும் வந்தது. வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவரை நம்ப முடியுமா? சேத்துப்பட்டு ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். 1964இல் வந்த இன்னொரு ஆய்வு, வாரம் இரண்டு தடவை கண்முன்னால் மருந்து கொடுத்தாலே போதும் என்று காட்டியது. பின்னாளில் உலகமெங்கும் போன 'நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சை' என்பதன் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது. ஏழையின் வீட்டுக்குள் மருத்துவம் இவ்வளவு தூரம் நுழைந்ததை அதிகாரம் என்று சொல்வதா, அக்கறை என்று சொல்வதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். யாராவது வந்து மாத்திரையை எண்ணினார்கள் என்பதே ஒரு காலத்து விஷயமாகிவிட்டது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஒரு பட்டியலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்கிற சமாச்சாரம் எங்க பக்கத்து ஆளுக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 35 வயதுக்கு மேல், 70க்குள், கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப்படிப்பு. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த நிபந்தனைகளை வேகமாகப் படித்துத் தாண்டிவிடுவார்கள். ஓலை எழுதும்போதே முக்கால்வாசி ஊர் வெளியே நின்றுவிட்டது. 'குணமானவர்' என்பதும் அப்படி ஓர் ஓலைதான். அதில் பெயர் எழுதியவுடன் நோயாளிகள் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அட்டையை மூடிவிடுவார்கள்.

*

அட்டை மூடிய பிறகு நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து கோழையை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். டி.பி. ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு சுவரை இழுக்கிறது. குழாய் அகன்று, தொங்கல் விழுந்து, பைபோல ஆகிறது. மூச்சுக்குழாய் விரிவு என்றும் பிராங்கியெக்டாசிஸ் என்றும் சொல்வது இதைத்தான். போக வேண்டிய கோழை பையில் தேங்குகிறது. தேங்கிய குட்டையில் வேறு கிருமிகள் குடியேறுகின்றன. டி.பி. கிருமி அல்ல, ஹீமோஃபிலஸ், சூடோமோனாஸ் வகையறா. கிருமி வந்த சேதி கேட்டு ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வருகின்றன, முக்கியமாக நியூட்ரோஃபில்கள்.

கதை இங்கேதான் திரும்புகிறது. நியூட்ரோஃபில்லிடம் எலாஸ்டேஸ் என்றொரு என்சைம் இருக்கிறது. அது கிருமியை அரிப்பதோடு நிற்பதில்லை. குழாய்ச் சுவரையும் அரிக்கிறது. மயிரிழைகளை மந்தமாக்குகிறது. நியூட்ரோஃபில்லின் ஆயுள் கொஞ்சம். செத்த நியூட்ரோஃபில்லை உடையும் முன்பே விழுங்கி அப்புறப்படுத்த வேண்டியது மேக்ரோஃபேஜ் என்கிற பெருவிழுங்கி செல்லின் வேலை. ஆனால் செத்த செல்லை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் கொக்கியையே எலாஸ்டேஸ் வெட்டிவிடுகிறது. பிணம் எடுக்க ஆளில்லை. செத்த செல்கள் அங்கேயே உடைந்து இன்னும் என்சைமைக் கொட்டுகின்றன. சுவர் இன்னும் அகல்கிறது, கோழை இன்னும் தேங்குகிறது. லண்டன் மருத்துவர் பீட்டர் கோல் 1986இல் இதை விஷச் சுழல் என்று விளக்கினார். பெரியம்மாவின் கோழைக்கு இருக்கிற அந்தப் பச்சை நிறம் பெரும்பாலும் கிருமியின் நிறமல்ல. நியூட்ரோஃபில்லுக்குள் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் என்ற என்சைமின் நிறம். ஒவ்வொரு நாள் காலையிலும் அது துப்பியது பெரும்பாலும் தன்னுடைய செல்களைத்தான்.

நம் மொழியில் இதைச் சொல்லத் தோதான சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. எதிர்ப்புச் சக்தி, படை, தாக்குதல், அரண் என்று நோயைப் போராகவே பேசப் பழகியிருக்கிறோம். சூசன் சோன்டாக் 1978இல் நோயின்மேல் ஏற்றப்படும் உருவகங்களைப் பற்றி எழுதினார். டோனா ஹாராவே 1989இல் நோயெதிர்ப்பியலின் ராணுவ மொழியை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஆனால் இந்தச் செல்களை முதலில் கவனித்த மெச்னிகோஃப் 1882இல் சிசிலியில் நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவிட்டுப் பார்த்தது, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டதை. செரிமானத்தைப் பற்றிய தேடலிலிருந்துதான் அவர் அங்கே வந்து சேர்ந்தார். விழுங்கு செல் என்பது முதலில் சிப்பாய் அல்ல, சாப்பிடுகிற, துப்புரவு செய்கிற ஓர் உயிர். போர் உருவகத்தில் கிருமி செத்தால் வெற்றி, அத்தோடு அட்டையை மூடலாம். துப்புரவு என்று நினைத்துப் பார்த்தால் கேள்வி மாறிவிடுகிறது: குப்பையை எடுத்தாச்சா?

இந்தக் கேள்வி மருத்துவத்துக்குள் வந்ததும் தற்செயலாகத்தான்.

*

1949இல் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் மண் மாதிரி ஒன்றை எடுத்து அமெரிக்காவின் இலை லில்லி கம்பெனிக்கு அனுப்பினார். அதிலிருந்து எரித்ரோமைசின் பிறந்தது. 1952இல் இலோடைசின் என்று, அந்த ஊரின் பெயரை வைத்தே, விற்பனைக்கு வந்தது. மண் கொடுத்த ஊருக்குப் பெயர் கிடைத்தது. அகிலாருக்கு உரிமத்தொகை கடைசிவரை கிடைக்கவில்லை. 1980இல் யுகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரில் பிளிவா கம்பெனி ஆய்வாளர்கள் அந்த மூலக்கூறைத் திருத்தி அசித்ரோமைசின் செய்தார்கள். மேக்ரோலைடு என்ற ஒரே குடும்பம்.

ஜப்பானில் பரவலாகக் காணப்பட்ட ஒரு மூச்சுக்குழாய் நோய், பான்பிராங்கியோலைடிஸ். இருமல், கோழை, கடைசியில் சூடோமோனாஸ், சில வருஷங்களில் சாவு. ஓர் ஊர் டாக்டர் நீண்டகாலம் எரித்ரோமைசின் கொடுத்துவந்த நோயாளி ஒருவர் எதிர்பாராமல் தேறியிருப்பதைக் கண்டு, ஷோஜி குடோ என்ற மருத்துவர் அதைப் பிடித்துக்கொண்டார். குறைந்த அளவில், மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 1987இல் முடிவுகளை எழுதினார். பெரியம்மாவின் அட்டை ஆரம்பித்த அதே வருஷம். ஐந்து வருஷம் உயிரோடு இருப்பவர்கள் 1970களில் நூற்றுக்கு அறுபது சொச்சம் என்றிருந்தது, இந்த முறை வந்தபின் தொண்ணூறைத் தாண்டியது.

இதில் ஒரு புதிர் இருந்தது. எரித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாது. கொடுத்த அளவும் எந்தக் கிருமியையும் சரியாகக் கொல்லும் அளவல்ல. கோழையில் கிருமி அப்படியே இருக்க, நோயாளி மட்டும் தேறினார். அதாவது சேத்துப்பட்டின் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் 'குணமாகாதவர்'. ஆனால் படியேறுகிறார், மூச்சு வாங்கவில்லை, சாகவில்லை. சாட்சி பொய்த்துவிட்டது. மருந்து கிருமியின்மேல் அல்லாமல் நோயாளியின் செல்களின்மேல்தான் வேலை செய்கிறது என்று யோசிக்க வேண்டி வந்தது.

அடுத்த இருபத்தைந்து வருஷத்து ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்த மருந்துகள் ரத்தத்தில் தங்குவதைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக வெள்ளணுக்களுக்குள் போய்ச் சேர்ந்து தங்குகின்றன. மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் நியூட்ரோஃபில்களைக் கூப்பிட அனுப்பும் இன்டர்லூக்கின்–8 என்ற சேதி குறைகிறது. வருகிற நியூட்ரோஃபில்கள் குறைகின்றன, எலாஸ்டேஸும் குறைகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சாண்ட்ரா ஹாட்ஜ் குழுவினர் 2006லும் 2008லும் காட்டியது இன்னும் முக்கியம்: நாட்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளின் சோர்ந்துபோன மேக்ரோஃபேஜ்கள், அசித்ரோமைசின் கொடுத்தால் செத்த செல்களைத் திரும்பவும் விழுங்க ஆரம்பிக்கின்றன. துப்புரவு மறுபடி நடக்கிறது.

பெரிய சோதனைகள் பிறகு வந்தன. அமெரிக்காவில் 1142 மூச்சடைப்பு நோயாளிகளுக்குத் தினம் 250 மில்லிகிராம், ஒரு வருஷம், 2011இல் முடிவு. நோய் முற்றிப் படுப்பது ஆளுக்கு வருஷத்துக்கு 1.83 தடவையிலிருந்து 1.48 ஆகக் குறைந்தது. நியூசிலாந்தில் மூச்சுக்குழாய் விரிவு நோயாளிகள் 141 பேர், வாரம் மூன்று நாள் 500 மில்லிகிராம், ஆறு மாசம், 2012இல் முடிவு. படுப்பது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. எண்கள் பெரிய அதிசயம் எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒரு மார்கழியைக் காய்ச்சல் இல்லாமல் கழிப்பது என்றால் என்ன என்று பெரியம்மாவைக் கேட்க வேண்டும்.

*

அறிவியல் கதையை இங்கேயே முடித்தால் மருந்துக் கம்பெனிக்காரன் மேடையில் சொல்கிற கதையாகிவிடும்.

2011இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஓர் ஆய்வு, நீண்டநாள் அசித்ரோமைசின் மேக்ரோஃபேஜுக்குள்ளே செரிமானத்தை அடைக்கிறது என்று சொன்னது. செல் தனக்குள் இருக்கும் கழிவையும் உள்ளே வந்த கிருமியையும் கரைத்துத் தின்னும் வழிக்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். அந்த வழி அடைபட்டால், டி.பி. கிருமியின் பங்காளிகளான வேறு மைக்கோபாக்டீரியாக்கள் உள்ளேயே பிழைத்துக் கிடக்க இடமுண்டு. ஒரே மருந்து, ஒரே செல். செத்ததை விழுங்கும் வாய் நன்றாகத் திறக்கிறது, உயிரோடு உள்ளே போனதைச் செரிக்கும் வயிறு மந்தமாகிறது. அந்தப் பங்காளிக் கிருமிகளுக்கு வைத்தியமே மேக்ரோலைடு சேர்ந்த கூட்டு மருந்துதான். அவை உள்ளே இருக்கும்போது அசித்ரோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்துவந்தால் அந்த மருந்துக்கும் பழகிக்கொள்ளும். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினை ஒற்றையாகக் கொடுத்துப் பட்ட அதே பாடம். ஆகவே நீண்டகாலம் ஆரம்பிக்கும் முன் கோழையை வளர்த்துப் பார்த்து, அவை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இங்குதான் பழைய செங்கல்பட்டு மாவட்டம் வருகிறது. 1968இலிருந்து 1971 வரை, மாவட்டத்தின் வடக்கே திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். உலகத்திலேயே பெரிய பி.சி.ஜி. சோதனை. ஏழரை வருஷத்தில் பார்த்தபோது ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் நுரையீரல் டி.பி.யில் வித்தியாசம் இல்லை. 1999இல் பதினைந்து வருஷ முடிவு வந்தபோதும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் பலித்த ஊசி இங்கே ஏன் பலிக்கவில்லை? சொல்லப்பட்ட விளக்கங்களில் முக்கியமானது மண். வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் ஜனங்களின் நோயெதிர்ப்புச் செல்கள், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பங்காளி மைக்கோபாக்டீரியாக்களோடு முன்பே பழகிவிட்டன, ஊசி புதிதாகச் சொல்லிக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது. சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் அந்தப் பகுதியின் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் அவற்றைப் பிரித்தெடுத்து 1994இல் எழுதினார்கள். நோயாளிகளின் கோழையிலும் கண்டிருக்கிறார்கள்.

எங்க வயலும் அதே மாவட்டத்து மண்தான். லண்டன், வெலிங்டன் கோழைக்கு எழுதிய விதியைக் காவாந்தண்டலத்துக் கோழைக்கு அப்படியே போடலாமா என்று கேட்பதற்குக் காரணம் இதுதான், சுதேசிப் பெருமை அல்ல. 2019இல் வெளியான இந்திய மூச்சுக்குழாய் விரிவுப் பதிவேட்டில் 2195 நோயாளிகள் இருந்தார்கள். அதில் 35.5 சதவீதம் பேருக்கு நோயின் மூலம் பழைய டி.பி. ஐரோப்பாவில் இந்தக் காரணம் பட்டியலின் கீழே எங்கோ இருக்கும். அதாவது அவர்கள் சோதித்த நெஞ்சு வேறு, நம்முடைய நெஞ்சு வேறு. டி.பி.க்குப் பிந்தைய நுரையீரலைப் பற்றி மட்டுமே பேச முதல் சர்வதேசக் கூட்டம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் அதே 2019இல்தான். சேத்துப்பட்டு முடிவு வந்து சரியாக அறுபது வருஷம்.

*

பெரியம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போனது 2022இல். சி.டி. ஸ்கேனில் வலது மேல்புறம் தேன்கூடுமாதிரி இருந்தது. அந்த டாக்டர் அவசரப்படவில்லை. கோழை கல்ச்சர், இ.சி.ஜி. (இந்த மருந்து சிலருக்கு இதயத்துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும்), காது சோதனை. அமெரிக்கச் சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்தது, சாப்பிடாதவர்களில் 20. பெரியம்மாவுக்கு முதலிலேயே காது கொஞ்சம் மந்தம். 1987இல் ஊசி போட்டு வந்த நாட்களில் தலை கிர்ருனு சுத்தும், வரப்பில் நடக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் காதின் உட்பகுதியைத் தாக்கும் மருந்து. முதல் ஆண்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டது போக மீதி இருந்த காதை வைத்துக்கொண்டுதான் இரண்டாவது ஆண்டிபயாட்டிக்கைப் பற்றி முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதையெல்லாம் நான் கத்திச் சொன்னேன். "மூச்சு வுடணும்டா முதல்ல. அப்பறம் கேக்கறத கேட்டுக்கலாம்" என்றது.

ஆறு வாரம் கழித்து கல்ச்சரில் மைக்கோபாக்டீரியா இல்லை என்று வந்தது. திங்கள், புதன், வெள்ளி ஒரு மாத்திரை. கூடவே தினமும் குப்புறச் சாய்ந்து கோழை எடுக்கும் பயிற்சி, விறகடுப்பைக் கொல்லைப்புறம் மாற்றுவது. அந்த மார்கழியில் ஒரே ஒரு தடவை காய்ச்சல். கோழை கால் டம்ளரிலிருந்து இரண்டு ஸ்பூன். நிறம் வெளுத்தது.

ஆனால் இந்த மருந்துக்கு அட்டை இல்லை. யாரும் வந்து எண்ணவில்லை. கடையில் சீட்டு இல்லாமலே கொடுக்கிறார்கள். 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகமாகச் செலவான ஆண்டிபயாட்டிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைதான். அதற்கப்புறம் கொரோனா வந்தது. அந்த நோய்க்கு இதனால் பயனில்லை என்று 2021இல் பிரிட்டிஷ் சோதனை சொன்ன பிறகும் ஜனங்கள் விழுங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிஸ்பேனில் நடந்து 2013இல் முடிவு வெளியான சோதனையில், ஒரு வருஷம் எரித்ரோமைசின் சாப்பிட்டவர்களின் வாயில் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களே மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. ஒருவருடைய செல்லைத் தேற்ற எடுக்கிற மருந்து ஊரின் கிருமிகளுக்குப் பாடம் நடத்துகிறது. பெரியம்மா தன் மாத்திரையில் இரண்டை எதிர்வீட்டுக் குழந்தையின் சளிக்குக் கொடுத்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. "எனக்குக் கேட்டுதில்ல, அதுக்கும் கேக்கும்" என்றது. ஐந்து நாள் ஜுரத்துக்கு ஐந்து மாத்திரை கடையில் எண்ணி வாங்கும் பழக்கத்தை அந்த வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தது பெரியம்மா இல்லை.

வருஷம் முடிந்ததும் டாக்டர் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். தொடர்ந்து கொடுத்தால் லாபம் எவ்வளவு, காதுக்கும் ஊருக்கும் நஷ்டம் எவ்வளவு என்பதை எங்களோடு உட்கார்ந்து பேசினார். டி.பி.க்குப் பிந்தைய நெஞ்சுக்கு எத்தனை வருஷம் என்று விதி ஒன்றும் அவர் கையில் இல்லை. அதை மறைக்கவும் இல்லை. நிறுத்தினோம். நான்கு மாசம் நன்றாகப் போனது. ஐந்தாவது மாசம் காலைக் கோழை கூடியது, லேசாகப் பச்சை திரும்பியிருக்கிறது. மறுபடி ஆரம்பிப்பதென்றால் மறுபடி கல்ச்சர் பார்த்துவிட்டுத்தான் என்றார். போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் டப்பாவில் பிடித்து, முதல் பஸ்ஸில் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகும்.